வலது கை முடிச்சு

என் அம்மாவைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினார்கள். அது என் அம்மா என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருத்தி, என் பக்கத்தில் உட்கார்ந்து பாராட்டுக்குத் தலை குனிந்துகொண்டிருந்த என் அறைத்தோழி. இராமநாதபுரத்தில் நாங்கள் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தோம். அவள் எழுதிய சிறுகதை ஓர் இணைய இதழில் வந்திருந்தது. கதை மாந்தர் பற்றிய பாடத்துக்குப் பேராசிரியை அதையே எடுத்துக்கொண்டார்.

“இவ நல்லவளா, கெட்டவளா? சொல்ல முடியுதா? முடியாது. அந்தத் துணியைத் தெரிஞ்சு எடுத்தாளா, தெரியாம எடுத்தாளான்னு கதை சொல்லவே இல்லை. அந்த மௌனம்தான் இந்தப் பாத்திரத்தோட அழகு,” என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “அந்த மகதான் மேடம் பாவம். கதையில ஒரு தப்பும் பண்ணாதவ அவ ஒருத்திதான்,” என்றாள். பேராசிரியை ஆமாம் என்றார். தோழி மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் இழுத்துக்கொண்டேன்.

அதுவரைக்கும் கதைகளில் எனக்குப் பிடித்தவர்களே அப்படிப்பட்டவர்கள்தான். முழுக்க நல்லவர்கள் வரும் கதை எனக்குப் பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி சலிக்கும். திருடிவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள், பொய் சாட்சி சொல்லிவிட்டு அழுகிறவன் என்று யாராவது வந்தால் விடுதி நூலகத்தில் சாப்பாட்டு மணி அடித்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். அவர்களை நேசிப்பது எளிது. பக்கத்து வீட்டில் அவர்களால் கெட்டுப்போனவள் யாரும் இருப்பதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

எங்கள் ஊர் மண்டபத்துக்குப் பக்கம், கடலை ஒட்டி. அங்கே பெண்களின் தொழில் பாசி எடுப்பது. வல்லம் என்ற நாட்டுப்படகில் போய், பாறைகளில் முளைத்திருக்கும் கடல்பாசியை முங்கிப் பிடுங்கி, சாக்கில் கட்டி வந்து, மணலில் காயப்போட்டு விற்பார்கள். பாறை விரலைக் கிழித்துவிடும். அதனால் பத்து விரல்களுக்கும் துணி சுற்றிக்கொள்வார்கள். இடது கை விரல்களைத் தானே கட்டிக்கொள்ளலாம். வலது கைக்கு இன்னொருத்தி வேண்டும். பல்லால் இழுத்துக் கட்டினால் நனைந்ததும் அவிழ்ந்துவிடும். காலையில் கரையில் பார்த்தால் ஒருத்தி கையை நீட்ட இன்னொருத்தி குனிந்து கட்டிக்கொண்டிருப்பாள். அம்மாவின் வலது கைக்கு எப்போதும் அத்தைதான் கட்டுவாள்.

அத்தை உறவு இல்லை, பக்கத்து வீட்டுக்காரி. அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிடுவார்கள். இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்று, துணி காயும் கொடியும் ஒன்று. அத்தையின் விரல் துணிகள் மாமாவின் பழைய கைலியில் கிழித்தவை, பச்சைக் கட்டம் போட்டவை. எங்களுடையவை என் பழைய பள்ளிச் சீருடையில் கிழித்த நீலம்.

பாசி வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் பாதி நாள் யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று பெண்களே சங்கம் கூடிப் பேசி வைத்திருந்தார்கள். அதிகாரி போட்ட சட்டம் இல்லை. அதனால்தான் அதை மீறுவது பெரிய குற்றம்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு இராமநாதபுரத்தில் சேர்ந்த வருடம். எங்கள் வீட்டில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். கறுப்பு ஷூ இல்லாமல் அந்தப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். நான்காம் நாள், கடலில் இறங்கக் கூடாத நாள், ஊரே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்த நேரத்தில் அம்மா தனியாகப் போய்க் கரையோரப் பாறையில் பாசி எடுத்தாள். சாக்கைத் தாழம்புதருக்குள் மறைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். விரல் துணிகளை நான்தான் அவிழ்த்தேன். எல்லாம் பச்சைக் கட்டம். ஒன்பதுதான் இருந்தது. வலது கைப் பெருவிரலில் இல்லை.

மறுநாள் சங்கத் தலைவி அந்தச் சாக்கைக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் பத்தாவது துணி கிடந்தது.

கூட்டம் போட்டார்கள். “துணி என்னுதுதான். நான் போகலை,” என்றாள் அத்தை.

“பெறகு துணி தானா நடந்து போச்சாக்கும்?”

“கொடியில கிடந்தது. யாரு எடுத்தாகளோ.”

“யாருன்னு சொல்லு, விட்டுருறோம்.”

அத்தை ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். அம்மா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை யார் பெயரையும் சொல்லவில்லை. ஒரு மாதம் அவளை வல்லத்தில் ஏற்றக் கூடாது என்று தீர்ப்பு ஆனது. ஒரு மாதம் முடிந்தும், ‘கள்ளப்பாசி’ என்ற பட்டப்பெயர் அவளுக்கு நிலைத்தது. சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் பார்ப்பாள். என் ஷூ மட்டும் எப்படியோ வந்துவிட்டது. அது எந்தப் பாசியில் வந்தது என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் தோழியிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது. அவள் கமுதிப் பக்கம். மிளகாய்க் காடும், வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகமும் உள்ளவள். என் முதல் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தவள். கொடியைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். “அன்னைக்கு எங்க நீலத் துணியும் அதே கொடியில பக்கத்துலேயே காஞ்சுக்கிட்டு இருந்துச்சுடி. எதுக்குப் பச்சையை எடுத்தாகன்னு எனக்கு இன்னமும் தெரியலை,” என்றேன். அவள் என்னோடு சேர்ந்து அழுதாள்.

அந்தத் தெரியாமையைத்தான் பேராசிரியை அழகு என்றார். எனக்குத் தெரியாத ஒன்று எப்படி அவளுடைய திறமை ஆகும்?

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் அவளை நிறுத்தினேன்.

“ஏண்டி, ஒரு வார்த்தை கேட்டியா?”

“பேரே போடலையேடி. ஊரையும் மாத்திட்டேன்.”

“கதைக்குப் பேரு கள்ளப்பாசி. அது எங்க அத்தை பேருடி.”

“அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்த முடியலை. அவ்வளவு நல்லா இருந்துச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கம்மாவை நான் கெட்டவளாக் காட்டவே இல்லையே. வகுப்பே அவங்களை நேசிக்குதுடி,” என்றாள்.

“நேசிக்கச் சொல்லி உங்கிட்ட யாரு கேட்டா?”

“நீ எழுதமாட்டேன்னு எனக்குத் தெரியும். உனக்கு ரோஷம் ஜாஸ்தி. யாராவது ஒருத்தர் எழுதணும்ல?”

அன்றே விடுதியில் வேறு அறை மாற்றித் தரக் கேட்டேன். எனக்கு ரோஷம் உண்டு. அது இல்லாமல் எங்கள் ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கதை எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. யாரோ அதை வாசித்துக் குரல்பதிவாக்கியிருக்கிறார்கள். அது கை மாறி, ‘நம்ம பாசிப் பெண்களைப் பத்தின கதை’ என்ற குறிப்போடு சங்கத்து வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. எழுத்தில்தானே இருக்கிறது, எங்கள் கரையில் யாரும் படிக்கப் போவதில்லை என்று அதுவரை என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

காலை வெயிலில் பத்துப் பதினைந்து பெண்கள் பாசியை மணலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா, அத்தை, நான் எல்லாரும் இருந்தோம். தலைவி போனைக் கவிழ்த்த வாளி மேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். “கள்ளப்பாசி” என்றது ஒரு பெண் குரல்.

“அடியே கள்ளப்பாசி, ஒன்னயக் கூப்பிடுறாடி!”

“சும்மா கெடங்க, கேப்போம்.”

“கடல் நீலப் பட்டு விரிச்ச மாதிரி கெடக்காம்ல.”

“அவளை வந்து முங்கச் சொல்லு. பட்டு எப்படிக் கிழிக்கும்னு தெரியும்.”

சிரித்தார்கள். பச்சைக் கட்டத் துணி வந்ததும் சிரிப்பு நின்றது. துணிக்காரி போகவில்லை, வேறொருத்தி போனாள் என்று கதை சொன்னது. தலைவி கையில் பாசியோடு அப்படியே நின்றாள்.

“அப்ப இவ போகலையா?”

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. முகம் தெரியாத ஒரு குரல் சொன்னதும் நம்பினார்கள். என் முதுகில் குத்தியவள் அத்தைக்கு நியாயம் செய்திருக்கிறாள் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அதற்காக அவள்மேல் இன்னும் கோபம் வந்தது.

“அந்த இன்னொருத்தி சண்டாளி யாருடி?” என்றாள் ஒருத்தி.

“என்ன நெலமையோ பாவம், பிள்ளைக்காகப் போயிருக்கா,” என்றாள் இன்னொருத்தி.

“பிள்ளைக்காகன்னா? அடுத்தவ துணியிலயா போவாக?”

வகுப்பில் ஒரு மணி நேரம் பேசியதை இவர்கள் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்தார்கள். அம்மா உதறிய பாசியையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தாள்.

அத்தை முந்தானையை இறக்கினாள். “தப்பா எழுதியிருக்கா,” என்றாள்.

“எது?”

“தனியாப் போனாங்குறா. பத்து வெரல்லயும் துணிங்குறா. வலது கைக்கு யாரு கட்டிவிட்டா?”

எல்லாரும் யோசித்தார்கள். பிறகு ஒருத்தி, “தண்ணியில எறங்காதவ எழுதுனா இப்படித்தான்,” என்றாள். அத்தை அதைக் காதில் வாங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “படிச்ச பிள்ளை, நீ சொல்லு. யாரு கட்டிவிட்டா?”

“அது கதை அத்தை. கற்பனை,” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

பேராசிரியைக்கும், பின்வரிசை மாணவிக்கும், கமுதிக்காரிக்கும் தோன்றாத கேள்வி. நான் தோழியிடம் சொல்லாமல் விட்டது அது ஒன்றைத்தான். அன்று மதியம் அம்மா கொல்லையில் வலது கையை நீட்டினாள். நான் கட்டிவிட்டேன். பெருவிரலில் அவிழ்ந்து விழுந்தது என் முடிச்சு. மொட்டை மாடியில் அவிழ்த்ததை மட்டும் சொன்னேன். கட்டியதைச் சொல்லவில்லை. ஒரு தப்பும் செய்யாத மகளை அவள் கற்பனை செய்யவில்லை. நான் செய்து கொடுத்தேன்.

அப்போதுதான் அம்மா பேசினாள். நிமிரவில்லை. கதையில் வரும் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல, “மவ கட்டிவிட்டிருப்பா,” என்றாள்.

“ஆமா, அதுக்குத்தானே பெத்து வச்சிருக்காக,” என்று ஒருத்தி சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. கையிலிருந்த பாசியை மணலில் வைத்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கூட்டத்தில் அத்தைக்காக ஒரு வார்த்தை பேசாத அம்மா, இத்தனை வருடம் கழித்து வாயைத் திறந்ததும் என்னைத்தான் எடுத்து முன்னால் வைத்தாள். நான் அவளுக்காகத் தோழியை விட்டேன், அறையை விட்டேன். அவள் ஒப்புக்கொண்டாளா, பங்கு போட்டாளா?

மறுநாள் காலை வல்லம் கிளம்பும் நேரம். அம்மா வந்து வலது கையை என் முன்னால் நீட்டினாள். அத்தை வல்லத்தின் மறுபக்கத்தில் வேறொருத்திக்குக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் துணியை எடுத்தேன். நீலம்.

“அன்னைக்கு, அத்தை துணின்னு தெரிஞ்சுதான் எடுத்தியா?” என்றேன். கேட்க எனக்கு இவ்வளவு படிப்பு வேண்டியிருந்தது.

“நீ பாத்துத்தானே கட்டுன?” என்றாள்.

பார்த்தேன். பச்சை என்று பார்த்தேன். பக்கத்தில் நீலம் காய்வதையும் பார்த்தேன். ஷூ கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் ஒன்றும் கேட்காமல் கட்டினேன்.

பெருவிரலுக்கு இரட்டை முடிச்சு போட்டுவிட்டு, வல்லத்தைச் சுற்றிக்கொண்டு அத்தையிடம் போனேன். “நான்தான் அத்தை கட்டிவிட்டேன்,” என்றேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

“தெரியும்,” என்றாள் அத்தை. “அதான் நேத்தே உங்காத்தா உன்னயக் காட்டிக் குடுத்துட்டாளே.”

அவளுக்குக் கட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். ஐந்து விரலிலும் யாரோ ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தார்கள்.