இன்னொருவனின் நுரையீரல்

வலி வந்த இடத்தை இப்போதும் ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியும். வலது காறை எலும்புக்கு நான்கு விரற்கடை கீழே. கொட்டகலையில் ஹட்டன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். சிகரெட் பாதி முடிந்திருந்தது. தடித்த ஊசி ஒன்று உள்ளே போய், வெளியே வராமல் நின்றுவிட்டது போல இருந்தது.

பக்கத்தில் கிருபா. அவனுக்கும் எனக்கும் இருபத்திரண்டு வயது. உயர்தர வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள். அப்போது ஹட்டனில் ஒரு மாடிக் கட்டடத்தில் இதழியல் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தோம். அன்று அவன் பற்றவைத்திருந்தது இரண்டாவது சிகரெட்.

இலங்கை மலையகத்து மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜனவரிக் காலையில் எல்லார் வாயிலிருந்தும் புகை வரும். பத்தடி தூரத்தில் நிற்கும் ஆசிரியருக்கு அது மூச்சா சிகரெட்டா என்று தெரியாது. கையை ஜாக்கெட்டுக்குள் மடக்கி வைத்துக்கொண்டால் போதும். பிறகு டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரத்து இலையைக் கசக்கி விரல்களில் தேய்த்துவிட்டால் வாசனையும் போய்விடும். நாங்கள் புகைக்கக் கற்றது இப்படித்தான்.

"என்னாடா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றான் கிருபா.

"நெஞ்சுல குத்துது."

"காலையில சாப்புட்டியா? வாய்வாயிருக்கும்."

வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அன்று மாலை பெருங்காயத்தைச் சுட்டு, இஞ்சிச் சாற்றில் கரைத்துக் கொடுத்தார். முதுகில் சூடாக எண்ணெய் தேய்த்தார். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நெஞ்சுவலிக்கு முதல் இரண்டு நாள் வைத்தியம் இதுதான். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. அந்த இரண்டு நாளும் நான் இடப்பக்கம் சாய்ந்தே படுத்திருந்தேன். மூன்றாம் நாள் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பத்துப் படி ஏறியபோது, ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் கிருபாவும் கூட வந்தார்கள். கிருபாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். அவனுடைய அப்பா லொறி சாரதி. பள்ளி விடுமுறைகளில் அவரோடு நாடு முழுவதும் சுற்றியவன். எனக்குப் புரியும், பேசினால் தடுமாறும். அம்மாவுக்குக் கடைச் சிங்களம் மட்டும்.

டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடப்பக்கம் மரக்கிளைகள் போல மெல்லிய கோடுகள் ஓரம் வரை போயிருந்தன. வலப்பக்கத்தில் கிளைகள் பாதியில் நின்றுவிட்டன. அதற்கு அப்பால் வெறும் கறுப்பு. நியூமோதொராக்ஸ் என்றார் (நுரையீரலில் ஓட்டை விழுந்து, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் காற்றுப் புகுந்து, அந்தக் காற்றே நுரையீரலை அமுக்கிச் சுருங்கவைப்பது). உயரமான, ஒல்லியான இளைஞர்களுக்கு இது வரலாம் என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"சிகரட் பொனவாத?"

சிகரெட் குடிப்பதுண்டா என்ற கேள்வி. எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது. டாக்டர் பார்த்தது கிருபாவை. அதுவரை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவன் அவன்தானே.

"நே, டொக்டர்," என்றான் கிருபா. இல்லை என்று. அவனுடைய ஜாக்கெட் பையில் பெட்டி இருந்தது.

அம்மா ஒரு படி மேலே போனார். "எங்க வீட்டுல யாருக்குமே அந்தப் பழக்கம் கெடையாதுங்கனு டாக்டர் ஐயாகிட்டச் சொல்லு தம்பி."

கிருபா அதையும் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை.

விலா எலும்புகளுக்கிடையில் மரக்கச் செய்து ஒரு குழாயைச் செருகினார்கள் (உள்ளே தேங்கிய காற்றை வெளியேற்றும் நெஞ்சுக்குழாய்). மறுமுனை, தண்ணீர் ஊற்றிய ஒரு போத்தலுக்குள் இருந்தது. மூச்சிழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். இருமினால் குமிழி வரும். குமிழி நின்றால் ஓட்டை அடைபட்டது என்று அர்த்தம். ஆறு நாட்கள் அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கழிவறைக்குப் போனாலும் அதைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

"போத்தலும் கையுமா திரியிறியே, மீன் வளக்கிறியா மச்சான்?" என்றான் கிருபா.

"சிரிக்க வைக்காதடா. குமிழி வருது."

அவன் தினமும் வந்தான். இரண்டு மாடிப் படிகளையும் ஓடி ஏறி வருவான். கட்டிலருகே வந்து நிற்கும்போது மூச்சு வாங்காது. அம்மா அவனுக்கு இடம் ஒதுக்கி உட்காரவைத்து, கொண்டுவந்த இடியப்பத்தில் பாதியைக் கொடுப்பார். "நல்லா சாப்புடு தம்பி. இவன மாதிரி ஒல்லியா போயிராத."

மூன்றாம் நாள் அவன் குனிந்து என் தலையணையைச் சரிசெய்தான். சட்டையிலிருந்து வாசனை வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே ஒன்றை முடித்துவிட்டு வந்திருக்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமை வந்தது. அவன் என்னைவிட ஒரு வருடம் முன்னால் தொடங்கியவன். நான் ஒன்று பற்றவைத்தால் அவன் இரண்டு. ஆனால் குழாய் என் விலாவில் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது பாரம் தூக்க வேண்டாம், சில மாதங்களுக்கு விமானத்தில் ஏற வேண்டாம், வலி வந்தால் உடனே வர வேண்டும் என்று சொன்னார்கள். சிகரெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிகரெட் குடிக்காதவனிடம் அதைச் சொல்வானேன்?

அந்த மௌனத்தை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். என்னிடம் அதற்கு வாதமும் தயாராக இருந்தது. மாணவர்கள் புகைப்பது தனிமனித விருப்பமா, பொதுச் சுகாதாரமா என்று எங்கள் வகுப்பில் முன்பே ஆசிரியத் தலையங்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். விருப்பத்தின் பக்கம் நின்று நான் எழுதியதுதான் வகுப்பில் வாசிக்கப்பட்டது. 'வயதுவந்த ஒருவரின் நெஞ்சுக்கூட்டுக்குள் நுழைய அரசுக்கோ குடும்பத்துக்கோ உரிமை இல்லை' என்பது அதில் ஒரு வரி. கிருபா கைதட்டினான். வீடு திரும்பி ஐந்து வாரம் பொறுத்திருந்தேன். ஆறாவது வாரம் அவன் பற்றவைத்ததை வாங்கி இழுத்தேன். அவன் தடுத்தான். "நீ மட்டும் இழுப்ப, நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்டேன். கொடுத்துவிட்டான்.

எட்டாவது வாரம், வகுப்புக்குப் போகும் படிக்கட்டில், அதே இடத்தில் அதே ஊசி.

கிருபா என்னை முதுகில் சுமந்துகொண்டு மாடிப்படி இறங்கினான். என் காது அவன் கழுத்தோரம் இருந்தது. என் பாரத்தையும் சுமந்துகொண்டு அவனுடைய மூச்சு சீராக வந்துபோனது. என்னால் பேசவும் முடியாத அந்த நேரத்தில் நான் கவனித்தது அதைத்தான். முச்சக்கர வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான். நான் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி குழாய், மறுபடி போத்தல். இம்முறை வார்டில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர், ஒரு பெண். பழைய குறிப்பை வாசித்தார். என் வலதுகை விரல்களைத் திருப்பிப் பார்த்தார். அம்மாவை ஒரு தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். கிருபாவையும்.

"எத்தினை வருஷமாப் பத்துறீர்?"

"நாலு வருஷம்."

"இதில இல்லையெண்டு கிடக்கு."

"நான் சொல்லலைங்க. கூட வந்தவன் சொன்னான்."

"உமக்கு வாய் இல்லையோ?"

நான் என் தலையங்கத்தின் சாரத்தைச் சொன்னேன். இது என்னுடைய விருப்பம், என்னுடைய உடம்பு என்று. மூச்சுக்கு மூன்று சொல்லாகத்தான் சொல்ல முடிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, உம்மட விருப்பந்தான். நான் வந்து பறிக்கப் போறதில்லை. ஆனா விருப்பமெண்டா அதைத் தாய்க்கு முன்னால சொல்லக்கூடியதா இருக்கோணும். ஒளிச்சு வைச்சது விருப்பமில்லை, பயம். நீர் சொல்லாததால உமக்குச் சொல்லவேண்டியதை முதல் பாத்த டொக்டர்மாரும் சொல்லேல்ல."

பிறகு படம் வரைந்து விளக்கினார். நுரையீரலின் உச்சியில் மெல்லிய கொப்புளங்கள் இருக்கலாம். சில உடல்வாகுக்கு அப்படி அமையும். புகைத்தால் அவை வெடிக்கும் வாய்ப்புக் கூடும். ஒருமுறை வெடித்தவருக்கு மறுபடி வருவதும் கூடும். இனி அறுவைச் சிகிச்சைதான். அதன் பிறகும் புகைத்தால் மற்றப் பக்கமும் போகலாம்.

"என் கூட்டாளி என்னையவிட ரெண்டு மடங்கு இழுக்கிறான். அவனுக்கு ஏன் வரல?"

அவர் பேனாவை மூடினார். "அவருக்கும் வரோணுமெண்டு நினைக்கிறீரோ?"

நான் போத்தலைப் பார்த்தேன்.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நீ குடிச்சது ஒரு பக்கம் இருக்கட்டும். அன்னைக்கு டாக்டர் ஐயா முன்னுக்கு நான் அவ்வளவு பேசினேனே, அப்ப நீ சும்மாதானே படுத்திருந்த? என்னையப் பொய்க்காரியாக்கிட்டியே."

மறுநாள் காலை டாக்டர் வந்தபோது அம்மா எழுந்து நின்று, யாரும் கேட்காமலே, "அன்னைக்கு எழுதினது தப்புங்க. இவன் குடிக்கிறவன்தான்" என்றார். என் மகன் என்று சொல்லவில்லை. இவன் என்றுதான் சொன்னார்.

கண்டியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கொப்புளங்களை நீக்கி, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்தார்கள் (இனி இடையில் காற்று சேர இடம் இல்லாதபடி). அதற்குப் பிறகு வந்த காய்ச்சலும் வலியும் இரண்டு வாரம் இருந்தன. தையல் வலி போய்விடும். உள்ளே ஒட்டிய இடத்தின் இழுவை மாதக்கணக்கில் நிற்கும். யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாததால் இதைச் சொல்கிறேன்: பயப்பட வேண்டாம், அது ஒட்டிப் பிடித்திருப்பதன் அடையாளம் என்றே பிறகு எனக்குச் சொன்னார்கள். ஆனால் மூச்சுத் திணறினால் காத்திருக்காதீர்கள். பெருங்காயத்துக்கு இரண்டு நாள் கொடுக்காதீர்கள்.

சிகரெட்டை விட்டதில் வீரம் ஒன்றும் இல்லை. பயத்தில் விட்டேன். முதல் மாதம் கனவிலும் பற்றவைத்தேன்.

கிருபாவுக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது அதற்குப் பிறகு. மருத்துவச் சான்றிதழுக்கு நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும். துணைக்குக் கூப்பிட்டான். நான் போன காரணத்தை எழுதிவிடுகிறேன். என் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஓரளவு பழகியிருந்தது. அவனுடைய படத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது.

உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வலப்பக்கம் மேலிருந்து கீழே வந்தேன். இடப்பக்கம் கீழிருந்து மேலே போனேன். ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடாவது, மயிரிழையாவது இருக்கிறதா என்று தேடினேன். கிளைகள் எல்லாம் ஓரம் வரை போயிருந்தன. பிரூஃப் படிக்கும்போது பிழை கிடைக்காத பக்கத்தை மறுபடி முதலிலிருந்து பார்ப்போம். அப்படிப் பார்த்தேன்.

"என்னாடா, ஏதும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்குனு சொல்றவன் மூஞ்சியாடா இது?"

நான் படத்தை உறைக்குள் போட்டேன். அவன் விடவில்லை.

"நீ எதையோ தேடுனடா. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"ஒனக்கும் இருக்கணும்னு தேடுனேன்."

அவன் என்னை அடித்திருக்கலாம். அடிக்காமல் தாழ்வாரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். "அன்னைக்கு நான் இல்லைனு சொன்னது ஒனக்காகத்தான்டா. அம்மா பக்கத்துல நின்னாங்க."

"ஒனக்காகவும்தான்."

"ஆமா. பையில பெட்டி இருந்துச்சு. எனக்காகவும்தான்." பிறகு, "நான்தான் ஒன்னையக் கெடுத்தேன்னு அம்மா நெனைக்கிறாங்களா?" என்று கேட்டான்.

"இல்ல. வாயிருந்தும் நான் பேசாமக் கெடந்தேன்னுதான் அவங்களுக்கு வருத்தம்."

சுத்தமான எக்ஸ்ரே சுத்தமான நுரையீரலுக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். படத்தில் தெரியாத சேதம் பல வருடம் கழித்து வெளிப்படலாம். அதைக் கிருபாவிடம் சொன்னேன். அக்கறையாகத்தான் சொன்னேன் என்று எழுத ஆசை. பாதி அக்கறை. மீதி என்னவென்று அவனுக்கும் தெரிந்தது. "சரி சரி, ஒனக்கு ஆறுதலா இருந்தா அப்புடியே வச்சுக்க," என்றான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்தான். கடைவீதியிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏற்றம். முன்பு பதினைந்து நிமிட வழி. இப்போது நான் அதை நிமிடத்தில் அளப்பதில்லை; நான்கு இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நிறுத்தம் வரை பேச்சு உண்டு. இரண்டாவதிலிருந்து நான் தலையை மட்டும் ஆட்டுவேன். போன மாதம் ஐந்து நிறுத்தமாக இருந்தது.

கிருபா ஏறிக்கொண்டே பேசினான். கட்டார் வெயில், கிடைக்கப்போகும் அறை, அறைக்குள் புகைக்க விடமாட்டார்களாம், அதனால் விட்டாலும் விட்டுவிடுவேன் என்று. நான் நின்றபோதெல்லாம் அவனும் நின்றான். ஆனால் அவன் பேச்சு நிற்கவில்லை. மூச்சு என்று ஒன்று உள்ளே போய் வெளியே வருவது அவனுக்குத் தெரியவே இல்லை. எனக்கு ஒவ்வொன்றும் தெரிகிறது. உள்ளே போகும்போது வலது உச்சியில் ஒரு சிறு இழுப்பு. வெளியே வரும்போது அது தளரும். இதை எழுதும்போதும் தெரிகிறது.

அவன் சிகரெட்டின் மேல் இப்போது எனக்குப் பொறாமை இல்லை. மூச்சை மறந்துவிட்டு அவனால் மலை ஏற முடிகிறதே, அதன் மேல்தான். நான்காவது நிறுத்தத்தில் அவன் எனக்கு முன்னால் போய், திரும்பிப் பார்த்து, "வா மச்சான், அம்மா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றான்.

நான் கையைக் காட்டி அவனைப் போகச் சொன்னேன். இன்னும் ஆறு மூச்சு வேண்டியிருந்தது.