கப்பலைவிட உயர்ந்த அலை

ஒஸ்லோ வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு குட்டிப் போர்க்கப்பல் செய்தேன். கப்பலின் துண்டுகள் பெட்டியில் வந்தன, ஒட்டினால் போதும். கடலைத்தான் நானே செய்ய வேண்டியிருந்தது. பலகையில் பசையும் பஞ்சும் கொண்டு அலைகளை எழுப்பிக் கரும்பச்சை பூசினேன்.

மாதிரிக் கப்பல் செய்பவர்களின் கழகத்துக்கு அதைக் கொண்டுபோனபோது, அங்கிருந்த ஒரு நோர்வேக்காரர் சிரித்துவிட்டார். "அலை மேல்தளத்தைவிட உயரமாக இருக்கிறதே! இந்தக் கப்பலுக்கு இதில் கால்வாசிகூட எழும்பாது. எங்கே நின்று பார்த்தீர்கள்?"

நான் நிற்கவில்லை. ஊரைவிட்டு ஓடிவந்த இரவில், கடற்படைக் கப்பல் எங்களை உரசுவதுபோலக் கடந்தபோது, சிறுபடகின் அடியில் மல்லாந்து கிடந்தேன். அதையெல்லாம் அந்த மனிதருக்கு விளங்கப்படுத்த எனக்கென்ன தலையெழுத்தா? வீட்டுக்கு வந்து, வந்த ஆத்திரத்தில் அலைகளைக் கத்தியால் சீவித் தள்ளினேன். அளவு சரியாக வந்தது.

மனைவி குனிந்து பார்த்தாள். அன்று அந்தப் படகில் அவளும் அவளுடைய தம்பியும் இருந்தார்கள். கப்பல் கிளப்பிய அலையில் படகு கவிழ்ந்து, கரை சேர்ந்தது நானும் அவளும் மட்டும்தான்.

சீவிய கடலை அவள் விரலால் தடவினாள்.

"அலை இவ்வளவுதானெண்டால், தம்பி ஏனப்பா தண்ணிக்குள்ள தாண்டு போனவன்?"