காம்பராவுக்கு ஓர் ஆள்

சட்டத்தரணி ஆக வேண்டும் என்ற ஆசை முதலில் எனக்கு வரவில்லை. என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்குத்தான் வந்தது. எனக்கு நடக்கும் பாராட்டு விழாக்களில் இதை யாரும் சொல்வதில்லை. லயத்தில் பிறந்து, ஆசிரியராகி, சட்டம் படித்து, மக்கள் சேவைக்கு வந்தவர் என்று ஒரே மூச்சில் என்னை மலை உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். பிறகு தோளில் ஒரு பொன்னாடை விழும். வீட்டில் ஓர் அலுமாரி நிறையப் பொன்னாடைகள் கிடக்கின்றன. என் மனைவி அதில் ஒன்றை எடுத்துத் தையல் மெஷினுக்குப் போர்த்தியிருக்கிறாள். அது ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்கிறது.

கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை உயர்தர வகுப்பில் முதல் வருடம். சரியான வாய்க்காரி. வகுப்பில் விவாதம் வைத்தால் தன் கட்சியைப் பேசி, எதிர்க்கட்சி என்ன சொல்லப்போகிறது என்பதையும் தானே சொல்லி, அதையும் வெட்டிவிட்டுத்தான் உட்காருவாள். எதிரே இருக்கும் பையன்கள் எழும்பி நிற்கவே யோசிப்பார்கள். அவளுடைய அப்பாவைத் தோட்டத்தில் ஒருமுறை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அந்த வழக்குக்கு அவரோடு ஹட்டனுக்குப் போய்வந்ததிலிருந்து அவளுக்கு லோயர் பைத்தியம் பிடித்திருந்தது.

"அந்த லோயர் பேசினதே நாலு வார்த்த சேர். அதுக்கே எங்கப்பாவத் திரும்ப எடுத்துட்டாங்க. நான்னா நாப்பது வார்த்த பேசியிருப்பேன்."

நான் சிரித்தேன். எனக்கு அப்போது பெரிய இலட்சியம் எதுவும் இல்லை. ஆசிரிய நியமனம் கிடைத்ததே போதும் என்று இருந்தவன் நான். மாதச் சம்பளம், காலுக்குச் சப்பாத்து, மழைக்குக் குடை, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அந்த அப்பா செத்துப்போனார். அம்மா ஏற்கெனவே மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் மிஞ்சியது அந்தப் பிள்ளையும் சின்னத் தம்பிகள் இரண்டு பேரும்தான். அதே லயத்தில் அடுத்த காம்பராவில் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், இருந்தார்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். லயம் என்பது தோட்டம் கட்டிய ஒற்றை அறை வீடுகளின் வரிசை, அந்த அறைதான் காம்பரா. அது அதில் குடியிருக்கும் யாருக்கும் சொந்தமில்லை. வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டத்து வேலையில் பதிந்திருக்க வேண்டும். அவர் விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய், பெயர் கூப்பிடும்போது கையைத் தூக்கினால், மற்றவர்கள் கூரைக்குக் கீழே இருக்கலாம். அவர் செத்தாலோ ஓய்ந்தாலோ அந்த இடத்துக்கு இன்னொரு பெயர் வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளையைக் காம்பராவுக்கு என்று விட்டுவிடுவார்கள். எந்தப் பிள்ளை என்று யாரும் முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை. நேரம் வரும்போது மூத்ததாக எது கையில் கிடைக்கிறதோ அதன் தலையில் விழும்.

ஒரு வாரம் அவள் பாடசாலைக்கு வராததால் நான் லயத்துக்கே போனேன். வாசலில் புதுக் கொழுந்துக் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவை வெளியே கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். படிக்கிற பிள்ளையை இப்படிச் செய்வது சட்டப்படி குற்றம் என்றேன்.

"எந்தச் சட்டம் சேர்?" என்று அவர் கேட்டார்.

நக்கலாக அவர் கேட்கவில்லை. தெரிந்தால் நல்லது என்ற முகத்தோடுதான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"ஒங்க வீட்டுல யாரு பேரப் பதிஞ்சாங்க சேர்?" என்று அடுத்ததாகக் கேட்டார்.

என் அண்ணன். பத்தாம் வகுப்போடு கத்தியை எடுத்துக்கொண்டு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனவன். அவன் வெட்டப் போனதால்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். அந்த லயத்து வாசலில் அத்தனை சனத்துக்கு முன்னால் நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விடுங்க சேர். நீங்க லோயர் இல்லியே" என்றாள்.

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அவள் அப்படிச் சொன்னாள். எனக்கு அது செருப்படியாகப் பட்டது. அந்த வருடமே சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். இலட்சியம், சமூக உணர்வு என்று மேடையில் சொல்வதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட சாயம். எந்தச் சட்டம் என்று கேட்டவருக்கு ஒரு பதிலோடு திரும்பிப் போக வேண்டும் என்ற ரோசம்தான் எனக்கு இருந்தது.

சட்டம் படித்து முடித்தபோது பதில் கிடைத்தது. அப்படி ஒரு சட்டம் இல்லை. பதினாறு வயது தாண்டிய பிள்ளை வேலைக்குப் போவது குற்றமே இல்லை. இருந்ததெல்லாம் எதிர்ப்பக்கத்துச் சட்டம்தான். தோட்டக் காணி அரசாங்கத்தின் காணி, கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. அந்தக் காணியிலிருந்து ஆளை எழுப்புகிற வழக்கு வந்தால் நீதவான் கேட்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். இங்கே இருப்பதற்கு எழுத்தில் அனுமதி வைத்திருக்கிறாயா? எங்கள் சனத்தில் எவனிடம் அப்படி ஓர் எழுத்து இருந்தது? எத்தனை தலைமுறையாக இருக்கிறோம், யார் அந்த மலையை வெட்டித் தேயிலை போட்டது என்பதெல்லாம் சபையில் அழுவதற்கு நன்றாக இருக்கும். வழக்கில் அதற்கு இடமில்லை.

ஹட்டனில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே அலுவலகம் போட்டேன். குடித்துவிட்டு அடிபட்டவர்கள், மரக்கறித் தோட்ட எல்லைக்குச் சண்டை பிடித்தவர்கள், ஜீவனாம்சம் கேட்டு வந்தவர்கள் என்று வழக்குக்குக் குறைவில்லை. எல்லாம் சிங்களத்தில் நடக்கும். வெளியே வந்ததும் கட்சிக்காரர் என் முகத்தைப் பார்த்து, "நமக்கு நல்லதுங்களா ஐயா?" என்பார். பெரும்பாலும் நல்லதுதான் என்பேன். எழுப்புகிற வழக்குகள் வந்தால் தவணை வாங்கி, நாளைத் தள்ளித் தருவேன். அதைத்தான் அவர்கள் வெற்றி என்று எண்ணிக்கொண்டு, வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையில் அவளைக் காண்பேன். கலியாணம் ஆகி ஒரு மகள் பிறந்திருந்தாள். தம்பிகளைப் படிக்க வைத்து முடித்துவிட்டாள், இருவரும் கொழும்பில் கடைகளில் இருந்தார்கள். புருஷன் அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போய், பிறகு தீபாவளிக்கும் வருவதை நிறுத்திக்கொண்டான். அவள் மட்டும் மாறவில்லை. கொழுந்து நிறுக்கும்போது நிறையில் வெட்டினால் தராசை மறித்துக்கொண்டு நியாயம் பேசுவாளாம். பெரட்டுக் களத்தில் தோட்டத்தை நடத்துகிற துரையையே திருப்பிக் கேள்வி கேட்டாள் என்று அந்தத் தோட்டத்துச் சனம் எனக்குச் சொல்லும். என்னைக் கண்டால், "கேஸெல்லாம் எப்பிடிப் போவுது சேர்?" என்று சகதொழிலாளியை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பாள்.

பிறகு மக்கள் சேவைக்குப் போனேன். சட்டத்தில் இல்லாததைச் சட்டம் செய்கிற இடத்தில் போய் வாங்கலாம் என்ற நினைப்பு. முதல் படியாகப் பிரதேச சபைக்கு வென்றேன். அதன் வழியாகத் தோட்ட வீடமைப்புக்கான ஒரு குழுவில் உறுப்பினராக்கினார்கள். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினோம். அறிக்கையில் ஒரு வசனத்தை நானே எழுதினேன். குடியிருக்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது. அவ்வளவுதான் அந்த வசனம். அதற்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள், பற்றீஸும் கொடுத்தார்கள்.

வீடுகள் கட்டினார்கள், அதை மறைக்கக் கூடாது. சாவி கொடுக்கிற விழாவில் நானும் மேடையில் இருந்தேன். யார் யாருக்கு வீடு என்று வாசித்தபோதுதான் முதல் நிபந்தனை என் காதில் விழுந்தது. தோட்டத்தில் தற்போது வேலை செய்கிறவர்களின் குடும்பங்களுக்கு. என் வசனத்தை எங்கே விட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "அதெல்லாம் அடுத்த கட்டத்துல பாத்துக்குவோம்" என்றார். என் பெயரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி மேல் ஒரு காரணமும் இல்லாமல் எரிந்து விழுந்தேன்.

இந்த வருடம், மழை விட்ட ஒரு காலையில், அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். படிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறி வரும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மலைச்சரிவில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டிருக்கிறது. இனிக் கூடை தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பெயரை வெட்டியாகிவிட்டது. காம்பராவை விடும்படி அறிவித்தலும் வந்துவிட்டது. கூடவே மகள் வந்திருந்தாள். உயர்தரம் படிக்கிறாள், பாடசாலைச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உற்சாகமாக இருந்தது. இந்த வழக்குக்காகத்தான் நான் சட்டம் படித்தேன். விடமாட்டேன், மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போவோம் என்றேன். காசு எதுவும் வேண்டாம் என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "கேஸ் முடியிற வரைக்கும் பீலித் தண்ணி வருமா சேர்?" என்றாள். அறிவித்தல் வந்த கையோடு அவள் காம்பராவுக்குப் போகிற குழாயை வெட்டிவிட்டிருந்தார்கள்.

இதற்குள் மகள் என் மேசையிலிருந்த சட்டப் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஆளை எழுப்புகிற சட்டம் இதில் இருக்கிறதா, பார்க்கலாமா என்று கேட்டாள். பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன். விரல் வைத்து வாசித்தாள்.

"ஒரே ஒரு கேள்விதான் கேக்கலாம்னு போட்டிருக்கு. அப்ப லோயர் எதுக்கு சேர்?"

அம்மாவின் அதே குரல். தாய் அவளை அடக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"சேர், அன்னிக்கி எங்க மாமாவோட சண்ட போட்டீங்க. இன்னிக்கி போடாதீங்க. தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. மகளோட பேரப் பதிஞ்சுட்டா காம்பராவ விட்டுருவாங்க. நான் கேட்டா அந்தாளு பதியமாட்டேங்கிறாரு. வாய் காட்டுற குடும்பமாம். நீங்க சபையில இருந்தவங்க, ஒங்க வார்த்தைக்கி மதிப்பு இருக்கு."

முடியாது என்றேன். பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்றேன். தம்பிமாரிடம் போய் இருக்கலாமே என்றேன். அவர்கள் கடைக்கு மேலே பாய் விரித்துப் படுப்பவர்கள் என்றாள். வேறு வீடு பார்த்து, வாடகையையும் நானே தருகிறேன் என்றேன்.

"வாடக வீட்ல ஒங்க காலத்துக்கு இருக்கலாம். அப்பறம்?" என்றாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். நான் சொல்லப்போவதை முன்பே யோசித்து, வெட்டி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். மகளைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். அவள் அம்மாவின் முதுகில் கையை வைத்தபடி தலையசைத்தாள். தலையசைத்தவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

தொலைபேசியை எடுத்தேன். துரை சிங்களவர், இளவயது, மரியாதையாகவே பேசினார். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாராம். ஆள் குறைவாகத்தான் இருக்கிறது, எடுப்பதில் பிரச்சினை இல்லை, அந்தப் பொம்பிளையின் வாய்தான் பிரச்சினை என்றார். பிறகு கேட்டார், "பிள்ளையும் தாய் மாதிரித்தானா?"

நீதிமன்றத்தில் எனக்கு இந்த மாதிரிக் கேள்வி வந்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும்.

"இல்லை. அது வாயே திறக்காது" என்றேன்.

அப்படியானால் திங்கட்கிழமை பெரட்டுக்கு வரச் சொல்லுங்கள், அறிவித்தலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நன்றி சொல்லி வைத்தேன். இத்தனை வருடத் தொழிலில் ஒரு காம்பராவை முழுதாகக் காப்பாற்றிக் கொடுத்தது அன்றுதான். பேசியது நாலு வார்த்தை.

தாய் எழும்பி என்னைக் கும்பிட்டாள், கண் கலங்கியிருந்தது. மகள் கும்பிடவில்லை. புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். லோயர் எதுக்கு என்று கேட்ட பிள்ளை, நான் போய்வா என்று சொன்னதற்கும் வாயைத் திறக்கவில்லை. துரைக்கு நான் கொடுத்த வாக்கு அந்தப் படியிலேயே பலித்துவிட்டது.