அக்கரைக் கடலில் நீல வெளிச்சம்

அக்கரை பீச் பக்கம் கடல் ராத்திரியில் நீலமாக எரிகிறதாம். இஸ்திரி போடும் லோகநாதன் சொன்னான். அவனும் பார்க்கவில்லை, அவன் மச்சான் பார்த்தானாம். “அலை உடையசொல்ல ட்யூப்லைட் மாதிரி கீதாம்க்கா” என்று சொல்லி, புடவைகளைக் கொடுத்துவிட்டுப் போனான்.

டப்ளினில் இருக்கும் மகள் சின்மயியிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்றுதான் ஹேமாவதிக்குப் பட்டது.

கணவர் போனபின் கீழ்க்கட்டளை ஃப்ளாட்டில் அவள் தனி. பள்ளிக்கூட ஆபீஸ் வேலையிலிருந்தும் ரிடையராகிவிட்டாள். சின்மயி பாசமில்லாத பெண் இல்லை. ஆனால் போனை எடுத்ததும் “சொல்லும்மா, என்ன விஷயம்?” என்பாள். சும்மாதான் என்று ஒருமுறை சொன்னதற்கு, “மீட்டிங்ல இருந்து பயந்து ஓடி வந்தேம்மா” என்றாள். அன்றிலிருந்து ஹேமாவதி விஷயம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கூப்பிடுவாள். மோட்டார் ரிப்பேர், மாடி வீட்டுக் கல்யாணம், மேடவாக்கத்தில் டிராபிக். இந்த மாதம் எதுவுமே நடக்கவில்லை.

கேள்விப்பட்டதைச் சொன்னால் ‘நானும் நியூஸ்ல பார்த்தேம்மா’ என்று முடித்துவிடுவாள். கண்ணால் பார்த்துச் சொன்னால் நாலு கேள்வியாவது கேட்பாள். ராத்திரி பத்து மணிக்கு ஹேமாவதி ஆட்டோ பிடித்தாள். டப்ளினில் அப்போது ஆபீஸ் முடிகிற நேரம்.

கரையில் கூட்டம். ஆளாளுக்கு போன் டார்ச். கடல் கறுப்பாகத்தான் கிடந்தது. பஜ்ஜிக் கடை கிளியம்மாள் சிரித்தாள். “செல்லை அணைச்சாத்தான் தெரியும்க்கா. செல்லும் வோணும், நீலமும் வோணும்னா இன்னா பண்றது?”

ஹேமாவதி தள்ளிப் போய் நின்று போனைப் பைக்குள் போட்டாள். இருட்டு கண்ணுக்குப் பழக நேரம் பிடித்தது. பிறகு ஓர் அலை உடைந்தது, விளிம்பு முழுக்க நீலம் ஓடியது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். காலைச் சுற்றிப் பொறிப்பொறியாய்த் தெறித்தது. “சின்னு, இங்க பாருடீ” என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் யாரும் இல்லை.

அவசரமாக வீடியோ எடுத்துப் பார்த்தாள். திரையில் வெறும் கறுப்பு. இதை அனுப்பினால், அம்மா தெரியாமல் எதையோ அழுத்திவிட்டாள் என்று நினைப்பாள். வாயால்தான் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். திரை வெளிச்சம் பட்டதும் கால் பக்கத்து நீலம் மறைந்தது. போனைக் காதோடு சேர்த்து அழுத்தி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டாள். அலை முழங்கால்வரை ஏறி, புடவையை நனைத்துவிட்டுத் திரும்பியது. ரிங் போய்க்கொண்டே இருந்தது.