டங்கன் ஐயரின் மூன்றாம் சரணம்

இந்த ஊருக்கு வந்து நான்கு வருடமாகிறது. இன்னும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயத்தில் நான் ஒரு வரி பின்தங்கித்தான் நிற்கிறேன். இங்கே ஆர்கன் ஒலித்ததும் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்து ஒரே சமயத்தில் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நான் முதல் வரியைப் பாடி நிறுத்துகிறேன். பதில் வரட்டும் என்று காத்திருக்கிறேன். அதற்குள் அவர்கள் மூன்றாவது வரிக்குப் போயிருப்பார்கள். பக்கத்தில் உட்காரும் மிஸஸ் பெல் என்ற வயதான அம்மாள், எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று நினைத்துக்கொண்டு, கையுறை போட்ட விரலை என் புத்தகத்தில் வைத்து, "இங்கே இருக்கிறோம்" என்று காதோரம் சொல்வார். நான் "தேங்க் யூ" என்பேன். விஷயத்தை விளக்க வேண்டுமானால் பத்து வாக்கியமாவது பேச வேண்டும். தமிழிலேயே எனக்குப் பத்து வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது.

என் மனைவி கிரேஸ் நர்ஸ். அவளுக்கு இங்கே ஸ்காட்லாந்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அவளுக்குப் பின்னால் நான் வந்தேன். அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம், சிரித்தால் தப்பில்லை. கப்பலேறி வருகிறவன் எதையாவது எதிர்பார்த்துத்தான் வருவான். நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. டங்கன் ஐயருடைய தேசம் இது. இங்கே எல்லோரும் எங்களைப் போலத்தான் பாடுவார்கள் என்று நம்பி வந்தேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அப்படிப் பாடுவது வடமேற்கே கடலுக்குள் கிடக்கும் சில தீவுகளில் மட்டும்தானாம். அங்கே போக இரண்டு நாள் விடுப்பும் படகும் வேண்டும். ஐயரும் நாங்கள் வருவதற்கு முந்தின வருடமே அங்கே இறந்து அடக்கமாகிவிட்டார்.

டங்கன் ஐயர் பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகர். எங்களில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊரான காஞ்சிபுரத்தில் அந்தப் பெயருக்கு வேறு சொந்தக்காரர்கள் இருந்ததால், ஊரார் அவரை 'வெள்ளை ஐயர்' என்றார்கள். உயரமானவர், சைக்கிளில் போகும்போது முழங்கால் கைப்பிடியில் இடிக்கும். எங்கள் சபையில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் அவர் தன் தீவுப் பழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒருவன் எழுந்து நின்று ஒரு வரியைப் பாடுவான், சபை அதைத் திருப்பிப் பாடும். பிறகு அடுத்த வரி. எடுத்துக் கொடுக்கும் ஆளாக, மிஷன் ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்த என்னை நிறுத்தினார். நாலு பேர் முன்னால் பேசினால் எனக்குக் கால் நடுங்கும். பாடும்போது நடுங்காது. அதை எப்படியோ அவர் கண்டுபிடித்துவிட்டார்.

பாட்டுகளும் அவர் எழுதியவைதான். தமிழில் எழுதினார். வரதராஜர் உற்சவத்தில் நாயனக்காரர் வாசிப்பதைக் கேட்டு வந்து நான் ராகம் பார்ப்பேன். அவருடைய தீவில் பைபிளின் சங்கீத புத்தகத்தில் உள்ளதைத் தவிர மனிதன் எழுதிய எதையும் ஆராதனையில் பாடமாட்டார்களாம். ஆக, அவர் எழுதிய பாட்டைப் பாட இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் எங்கள் ஓட்டுக் கட்டடம்தான்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு போர் வந்தது. என் அக்கா எஸ்தரின் மகன் பால்ராஜ் பட்டாளத்துக்காரன், பஞ்சாப் எல்லையில் இருந்தான். அக்கா விதவை. ஓரிக்கைப் பக்கம் வீட்டிலேயே பட்டு நூல் இழைத்துக் கூலிக்குக் கொடுத்துப் பிள்ளையை வளர்த்தவள். சண்டை தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து கடிதம் இல்லை. டீக்கடை ரேடியோவைச் சுற்றி எப்போதும் கூட்டம் நின்றது. நூல் வியாபாரம் செய்த ஒரு பாயின் கடை வாசலில் யாரோ சாணியை அடித்துவிட்டுப் போனார்கள். அன்று முதல் டங்கன் ஐயர் சாயங்காலம் ஆனால் அந்தக் கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து புத்தகம் படிக்க ஆரம்பித்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, வெறுமனே உட்கார்ந்தார். ஊர் பேசுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

"இன்னா பாட்டுக்காரே, உங்க ஐயரு எந்த டீமு? நம்மளா, அவங்களா?" என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான். இன்னொருவன், "அவரு ரெண்டு பக்கமும் கோல் போடறவருபா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. ஆனால் அந்த வாரமே அவர் வீட்டில் ரகசிய ரேடியோ இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. வெளிநாட்டுக்காரர் இங்கே தங்குவதற்கான அனுமதி அந்த வருடக் கடைசியில் முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிக்க உள்ளூர் அதிகாரிகளின் நல்ல வார்த்தை வேண்டும்.

அதனால்தான் சபைக் கமிட்டி வெற்றிக்காக ஒரு விசேஷ ஆராதனை வைத்துத் தாசில்தாரை அழைத்தது. ஐயர் அதற்காக ஒரு பாட்டு எழுதினார். முதல் இரண்டு சரணங்கள் தேவனுடைய வல்லமையைப் பற்றியவை, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மூன்றாவது இது:

எல்லைக்கு இப்பால் விழித்திருக்கும் தாயை அறிவீர்;
எல்லைக்கு அப்பால் விழித்திருக்கும் தாயையும் அறிவீர்;
இருவர் வாசலுக்கும் பிள்ளையைத் திருப்பித் தாரும்;
இருவர் கண்ணீரும் உமக்கு ஒன்றே.

கமிட்டிச் செயலாளர் ஞானமுத்து இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கே என்னைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற தலைமை குமாஸ்தா அவர், கெட்டவர் அல்ல. பயந்தவர், பயப்படக் காரணமும் இருந்தது. "தானியேலு, இந்த ஊர்ல நம்ம எத்தினி பேரு? வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன மிச்சம்னு ஏற்கெனவே சொல்லிக்கினு இருக்கானுங்க. தாசில்தார வெச்சிக்கினு எதிரிக்கும் சேத்துப் பாடனா, அப்புறம் ஐயரு இங்க இருக்க மாட்டாரு. நீயும் இருக்க மாட்ட. ரெண்டு சரணத்தோட உக்காந்துடு. நீ உக்காந்தா பாட்டு முடிஞ்சிது" என்றார். அது உண்மை. சபையின் கையில் பாட்டு காகிதத்தில் இல்லை. நான் எடுத்துக் கொடுப்பதுதான் பாட்டு.

ஐயரிடம் போனேன். 'பாடு' என்று அவர் உத்தரவு போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் போடவில்லை. தன் கதையை, அதுவரை சொல்லாததை, அவருக்கே உரிய புத்தகத் தமிழில் சொன்னார். "முந்தின உலக யுத்தத்தில் நான் துப்பாக்கியைத் தொட மறுத்தேன், சிறையில் போட்டார்கள். என் தம்பி கடற்படைக்குப் போனான், கப்பலோடு மூழ்கினான். எங்கள் தாயாருக்கு எங்கள் இருவராலும் சமாதானம் கிடைக்கவில்லை, தானியேல்." பிறகு, "நீர் எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, உம்மேல் எனக்கு வருத்தம் இராது. ஒருவரையும் பலவந்தம் செய்வதில்லை என்பதுதானே நான் பிடித்திருக்கிற ஒரே காரியம்" என்றார். அவருடைய அந்தக் காரியம் என் கழுத்தில் கல்லைப் போலத் தொங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள், நிறுத்தவில்லை. ஞானமுத்து அவளிடமும் பேசியிருந்தார்.

"அந்தப் பாட்ட எடுக்கப் போறியா?"

தெரியவில்லை என்றேன்.

"எம் புள்ள அங்க நின்னுக்கினு இருக்கான். அவன சுடறவனோட அம்மாக்காரிக்கு நான் எதுக்குப்பா பாடணும்?"

பிடிக்காவிட்டால் பாடாதே அக்கா, வாயை மூடிக்கொள் என்றேன். அப்போதுதான் ராட்டினத்தை நிறுத்தினாள்.

"நீ எடுத்துட்டா எங்க வாயி தானா பின்னால வந்துடும். இத்தினி வருசமா அப்படித்தானே பழக்கி வெச்சிருக்கீங்க. அது உனக்குத் தெரியாதா?"

மறுநாள் தாசில்தார் முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் கொடி கட்டியிருந்தது. நான் எழுந்து முதல் சரணத்தைக் கொடுத்தேன், சபை வாங்கிப் பாடியது. இரண்டாவதும் ஆயிற்று. ஞானமுத்து தாசில்தாரைப் பேச அழைப்பதற்காக எழுந்துவிட்டார். ஐயர் தலையைக் குனிந்திருந்தார். நான் உட்கார வேண்டிய நேரம் அது. அக்காவைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் எனக்குப் பட்டது ஒன்றுதான். வல்லமை, மகிமை என்று இதுவரை எவ்வளவோ பாடிவிட்டோம். பால்ராஜை வீட்டுக்குத் திருப்பிக் கொடு என்று கேட்கிற வரி அந்த மூன்றாம் சரணத்தில் மட்டுமே இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்காக யாரும் எதையும் கேட்டிருக்கப் போவதில்லை. இன்னொருத்தியின் பிள்ளையைச் சேர்க்காமல் அவனை மட்டும் கேட்பதற்கு அந்தப் பாட்டில் வழியில்லை.

முதல் வரியைக் கொடுத்தேன். சபை முழுக்கத் திருப்பிப் பாடியது. இரண்டாவது வரியைக் கொடுத்தேன். அக்கா சொன்னபடியே வாய்கள் பழக்கத்தில் பின்னால் வந்தன. பாதி வரியில் என்ன பாடுகிறோம் என்று தெரிந்து ஒவ்வொன்றாக நின்றன. ஞானமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். தாசில்தார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மூன்றாவது வரியை எப்படிப் பாடினேன் என்று தெரியாது. பதில் இல்லை. வெளியே தெருவில் ஒரு மாட்டுவண்டி போகும் சத்தம் கேட்டது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல், சுருதி விலகி, நடுங்கி, அந்த வரியைத் திருப்பிப் பாடியது. என் அக்காவின் குரல். 'இருவர் வாசலுக்கும் பிள்ளையைத் திருப்பித் தாரும்.' நாலாவது வரிக்கு அவளும் இல்லை. நான் காத்துப் பார்த்துவிட்டு, என் வரியை நானே திருப்பிப் பாடி உட்கார்ந்தேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. தாசில்தார் பேசாமலே எழுந்து போனார். வெளியே வேப்பமரத்தடியில் அக்கா நின்றிருந்தாள். நான் கிட்டே போனதும், தாழ்ந்த குரலில், "என் வாயாலயே அவளுக்கும் சேத்துக் கேக்க வெச்சிட்டியேபா. அவ புள்ளய அவளுக்குக் குடுத்துட்டு எனக்கு இல்லாமப் போச்சின்னா?" என்றாள்.

போர் நின்ற பிறகும் பல வாரம் செய்தி இல்லை. அந்த வாரங்களில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நான் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போய்விடுவேன். கடைசியில் ஒரு கார்டு வந்தது. பால்ராஜ் உயிரோடு இருந்தான், குண்டு வெடித்ததில் இடது காது போயிருந்தது. அவன் விடுப்பில் வந்தபோது அக்கா பலகாரம் சுட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். பாட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு, நாங்கள் ஊரை விட்டுக் கிளம்புகிற வரை, நான் எடுத்துக் கொடுத்த எந்த வரிக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. தவறாமல் வருவாள், அதே இடத்தில் உட்காருவாள். மற்றவர்கள் பாடுவார்கள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்ப்பாள்.

ஐயருக்கு அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. ரயிலடியில் ஞானமுத்துதான் மாலை போட்டு அழுதார். ஐயர் ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "உமது சகோதரி பாடுகிறார்களா?" இல்லை என்றேன். "அவர்கள் பாடாதிருப்பதும் அவர்களுடைய உரிமை" என்றார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் போன இடத்தில் அவருடைய பாட்டுகளை யாரும் பாடியிருக்கமாட்டார்கள்.

போன நவம்பரில் இங்கே போரில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறு வந்தது. மிஸஸ் பெல் என் கோட்டில் காகிதத்தால் செய்த சிவப்புப் பூ ஒன்றைக் குத்திவிட்டார். அவருடைய புருஷர் போரில் இறந்தவர். உங்கள் வீட்டில் யாராவது போனார்களா என்று கேட்டார். அக்கா மகன் போனான், திரும்பி வந்துவிட்டான் என்றேன். "அப்படியானால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். எங்கள் வீட்டில் திரும்பி வராதது வேறொன்று என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை.

ஆர்கன் ஒலித்தது, எல்லோரும் எழுந்தோம். நான் முதல் வரியைப் பாடி வழக்கம்போல நின்றுவிட்டேன். கையுறை போட்ட விரல் என் புத்தகத்தில் இரண்டாம் வரிக்கு வந்தது, மூன்றாம் வரிக்கும் போனது. "இங்கே இருக்கிறோம்" என்றார் மிஸஸ் பெல். தலையாட்டினேன். என் காது முதல் வரியிலேயே நின்றிருந்தது, ஓட்டுக் கட்டடத்தில் பெண்கள் பக்கத்தில் அக்கா வாயைத் திறக்கிறாளா என்று.