மூன்றாவது ஸ்டெப்: முதலாளி கத்திக்கொண்டே வருகிறார்

"அக்கா, பாஸ் கிச்சனுக்குள்ள வந்தா ஆர்டர் எல்லாம் ஓடிப் போயிடுது லா. சீக்கிரம் வந்து பாருங்க!"

எனக்கு வந்த பக் ரிப்போர்ட்டுகளில் நான் விழுந்து விழுந்து சிரித்தது இதற்குத்தான். வாய்ஸ் மெசேஜாக வந்தது. அனுப்பியவர் புஷ்பா, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் கேஷியர். அந்தக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்தது ஆங் மோ கியோவில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனி. நான் அங்கே சீனியர் டெஸ்டர். எங்கே கோளாறு என்று தேடிப் பிடித்து, டெவலப்பருக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்படி எழுதுவதுதான் பக் ரிப்போர்ட்.

வழக்கமாக வருவது

கடைக்காரர்கள் அனுப்பும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் உங்களுக்கு மண்டை காய்ந்துவிடும். "வேலை செய்யல." அவ்வளவுதான். எது வேலை செய்யவில்லை என்று கேட்டால், "எல்லாந்தான்." இன்னொருவர், "நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு" என்பார், ஏதோ டாக்டரிடம் வந்தவர் போல. போட்டோ அனுப்புங்கள் என்று கெஞ்சினால் அனுப்புவார்கள். எரர் மெசேஜ் இருக்கும் இடத்தில் அவருடைய கட்டை விரல் இருக்கும். அந்த விரலின் நகத்தில் இருக்கும் மஞ்சள் கறையைப் பார்த்து, மதியம் மீன்தலைக் கறி என்று வேண்டுமானால் கண்டுபிடிக்கலாம்.

அந்த லட்சணத்தில் புஷ்பாவின் மெசேஜ் எவ்வளவோ மேல். எங்கள் டெவலப்பர் பிரபுவுக்குப் போட்டுக் காட்டினேன். கோயம்புத்தூர்ப் பையன், மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, குசும்புக்கும் குறைச்சல் இல்லை.

"ஏனுங்கக்கா, இதை சாஃப்ட்வேர்ல எந்தப் பகுதியில, எந்த மாட்யூல்ல போடறதுங்க? பாஸ் மாட்யூலா?"

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கடை முதலாளியிடமிருந்து போன் வந்தது. அதன்பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒரு வரி போதுமாம்

"ஏம்மா, உங்க சிஸ்டத்துல ஆர்டரை அழிச்சது யாருன்னு பாக்கலாம்ல?" என்றார் முதலாளி. "கஸ்டமர் இலையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க, கிச்சன்ல ஆர்டரே இல்லைங்கிறான். கணேசன்தான் அழிக்கிறான். எனக்குத் தெரியும்."

கணேசன் மன்னார்குடியிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். அந்தக் கடையின் சமையலறைப் பொறுப்பாளர். சுவரில் மாட்டியிருக்கும் திரையில் வரும் ஆர்டர்களைப் படித்து, யார் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்பவர். ஒரு ஆர்டர் தயாரானதும் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டால் அது திரையிலிருந்து போய்விடும்.

சாஃப்ட்வேர், யார் எந்தத் திரையைத் தொட்டாலும் தானாகவே குறித்துவைக்கும். அதை லாக் என்போம். லாக்கைத் திறந்தேன். காணாமல் போன ஆர்டர்கள் எல்லாமே கிச்சன் திரையில் தொடப்பட்டுத்தான் போயிருந்தன. அந்தத் திரைக்குப் பக்கத்தில் நிற்பவர் கணேசன் ஒருவர்தான். அதை முதலாளியிடம் சொன்னேன்.

"அப்புறம் என்னம்மா? கிச்சன் திரையில தொட்டுத்தான் ஆர்டர் போயிருக்குன்னு அந்த ஒரு வரியை அப்படியே எழுதிக் குடு. வேலை ஜாஸ்தியானா அழிச்சுடறான். அவன் வேலை பெர்மிட் இந்த மாசம் முடியுது. ரினியூ பண்ண மாட்டேன், ஊருக்கு அனுப்பிடறேன்."

அவர் கேட்ட வரி பொய் இல்லை. லாக் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதை எழுதினால் ஒருவர் பெட்டியைக் கட்ட வேண்டும். நேரில் பார்க்காமல் எதையும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதலாளியை வைத்து டெஸ்டிங்

மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். கணேசன் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "சத்தியமா நான் அழிக்கலக்கா. பாஸ் நேத்தே மிரட்டிட்டாரு. வீட்டுல பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லிட்டேன், திருப்பி அனுப்பப் போறாங்கன்னு. அவ நேத்துலேர்ந்து அழுதுகிட்டிருக்கா."

பொய்யாகச் சில ஆர்டர்களைத் திரைக்கு அனுப்பிவிட்டு நின்று பார்த்தேன். எல்லாம் அசையாமல் இருந்தன.

"நான்தான் சொன்னேனே," என்றார் புஷ்பா. "பாஸ் வரணும்."

பக் எப்படி வருகிறதோ அதே மாதிரி எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்க்க வேண்டும், அதுதான் எங்கள் தொழில். முதலாளியிடம் போய்ப் பவ்யமாகக் கேட்டேன்.

"அண்ணே, கொஞ்சம் கிச்சனுக்குள்ள வந்துட்டுப் போறீங்களா? டெஸ்டிங்குக்கு."

வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சிரித்தபடி வந்தார். ஒரு ஆர்டர்கூடப் போகவில்லை. இன்னொரு தடவை வரச் சொன்னேன். இந்த முறை, "ஏதாச்சும் பேசணுமா?" என்று கேட்டு, பாத்திரம் கழுவுகிறவருக்கு வணக்கம் வைத்தார். அவர் பயந்து போய்த் தட்டைக் கீழே போட்டார். அப்போதும் ஒன்றும் போகவில்லை.

"நிஜமா வர்ற மாதிரி வாங்கண்ணே."

"நிஜமா எப்படி வருவேன்?"

கிச்சனில் இருந்தவர்கள் ஆளுக்கொரு அண்டாவை உற்றுப் பார்த்தார்கள். புஷ்பாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"கத்திக்கிட்டே வருவீங்க, பாஸ்."

"யாரு? நானா? நான் எப்ப கத்துனேன்?" என்று கத்தினார் அவர். "மனுஷன் பொறுமையா இருந்தா தலையில ஏறி உக்காருவீங்களா? கிச்சன் கிடக்கிற கோலத்தைப் பாரு! இது கடையா, கழுதைத் தொழுவமா?"

அவ்வளவுதான். அத்தனை பேர் கையிலும் எங்கிருந்தோ துணி வந்துவிட்டது. ஒருவர் அடுப்பு மேடையைத் துடைக்கிறார், ஒருவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கதவைத் துடைக்கிறார். கணேசன் முதலாளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஈரத்துணியால் மேசையைத் துடைத்து, அலமாரியைத் துடைத்து, அதே வேகத்தில் சுவரில் இருந்த திரையையும் அழுத்தித் துடைத்தார். ஆர்டர்கள் ஒவ்வொன்றாகப் போயின.

"நிறுத்துங்க! யாரும் அசையாதீங்க!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் அப்படியே நின்றார்கள், முதலாளி உட்பட.

கணேசன் காலியான திரையைப் பார்த்தார். கையிலிருந்த துணியைப் பார்த்தார். "நாந்தானாக்கா?" என்றார். "அப்போ நாந்தான் அழிச்சேனா?" பக்கத்திலிருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். பக் கிடைத்துவிட்டது என்று எனக்கு வர வேண்டிய சந்தோஷம், அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. பாவமாக இருந்தது.

பேரம்

கவுன்டர் ஓரமாக உட்கார்ந்து என் டேப்லெட்டில் ரிப்போர்ட் எழுதினேன். இவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும் என்பதால் அன்று தமிழிலேயே எழுதினேன்.

ஸ்டெப் 1: கிச்சன் திரையில் ஆர்டர்கள் இருக்கின்றன.
ஸ்டெப் 2: ஊழியர்கள் வேலையில் இருக்கிறார்கள்.
ஸ்டெப் 3: முதலாளி கத்திக்கொண்டே வருகிறார்.
ஸ்டெப் 4: பயத்தில் எல்லாரும் கண்ணில் பட்டதைத் துடைக்கிறார்கள். ஈரத்துணி திரையில் படுகிறது.
எதிர்பார்த்தது: ஆர்டர்கள் அப்படியே இருக்க வேண்டும்.
நடந்தது: விரல் பட்டதாக எண்ணித் திரை எல்லா ஆர்டர்களையும் அழித்துவிட்டது.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார்.

"மூணாவதை எடுத்துடும்மா. துணி பட்டுச்சுன்னு மட்டும் போட்டா போதும்ல?"

"எடுத்தா கணேசன் சும்மா துடைச்சு அழிச்சாருன்னு ஆயிடும்ணே. நீங்க சிரிச்சுக்கிட்டு வந்தப்ப ஒண்ணுகூடப் போகலையே. பார்த்தீங்கல்ல?"

"சரி, 'கத்திக்கொண்டே' வேணாம். 'சத்தமாகப் பேசிக்கொண்டே'ன்னு மாத்து."

"சத்தமா பேசினா யாரும் துணியை எடுக்க மாட்டாங்கண்ணே."

புஷ்பா கல்லாப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுவது போல் நடித்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

முதலாளி என் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தார். ரிப்போர்ட்டின் கடைசியில் 'வாடிக்கையாளர் கருத்து' என்று ஓர் இடம் உண்டு. யாரும் அதை நிரப்பியதாக எனக்கு நினைவில்லை. அதில் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். டேப்லெட்டைத் திருப்பித் தந்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பின்கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

*கணேசன் மேல் தப்பு இல்லை. பெர்மிட் ரினியூ செய்கிறேன். நான் கத்தியது தப்பு.*

பிரபு, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் ஆர்டர் போகும் என்று மாற்றிக் கொடுத்தான். அதற்கு முன் போனில், "அக்கா, மூணாவது ஸ்டெப்பை ஆபீஸ்ல எப்படிங்க செஞ்சு பாக்கறது?" என்று கேட்டான். நான் வந்து செய்து காட்டுகிறேன் என்றேன். வேண்டாங்கக்கா, புரிந்துவிட்டது என்றான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கடைசி ஸ்டெப்பை மட்டும் எழுதினால் அதில் எப்போதும் யாரோ ஒருவருடைய கைதான் இருக்கும். அந்தக் கை ஏன் அங்கே வந்தது என்பதையும் எழுதுங்கள். எழுதுவது சங்கடமாக இருந்தாலும், படிக்கிறவர் முகம் சிவந்தாலும் எழுதுங்கள். ரிப்போர்ட்டை யாரும் பாதியில் வெட்ட விடாதீர்கள்.

அன்று நான் கிளம்பும்போது கணேசன் வாசல்வரை வந்தார்.

"அக்கா, அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்களேன். வீட்டுக்கு அனுப்பணும்."

"முழு ரிப்போர்ட்டுமா?"

"மேல இருக்கறதெல்லாம் அவளுக்கு எதுக்குக்கா? பாஸ் எழுதினது மட்டும் போதும்."

ஸ்டெப்புகளையெல்லாம் வெட்டிவிட்டு, அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் அனுப்பினேன்.