ஈர மண்ணில் கிடைத்த பல்

சித்தப்பா முதன்முதலில் என் வேலையைப் பற்றிக் கேட்டது, சித்தி மண்ணுக்குள் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகுதான். இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சரிந்து கிடந்த மலையை ரோட்டுக்காக வெட்டியபோது ஒரு தாடை எலும்பு வெளியே வந்திருந்தது. அதில் ஒரே ஒரு கடைவாய்ப் பல். சித்தப்பா போனில் கேட்டார்.

"ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தின பொணத்தோட பல்ல வச்சு, அவுங்க எந்தச் சனம், எங்கேருந்து வந்தாங்கன்னு சொல்றியாமே. இது ஒன் சித்தியான்னு பாத்துச் சொல்லும்மா."

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான் செய்வது அதுதான். பாலைவனக் கல்லறைகளில் கிடைத்த மம்மிகளின் பற்களைத் துளைத்து, அந்தத் தூளில் எஞ்சியிருக்கும் மரபணுவைப் படித்து, எந்த மக்கள் எங்கிருந்து வந்து யாரோடு கலந்தார்கள் என்று பார்க்கிறோம்.

என்னைப் படிக்க வைத்தது சித்தி. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபின், அம்மாவின் தங்கையான அவள்தான் என்னை வளர்த்தாள். வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்ட காலையிலும், கொழுந்துக் கறை படிந்த விரல்களால் என் பின்னலை அவிழ்த்து மறுபடி நேராகப் பின்னாமல் பள்ளிக்கு அனுப்பமாட்டாள். "தோட்டத்துப் புள்ளன்னு யாரும் எளக்காரமா பாக்கக் கூடாது" என்பாள். நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தபோது, விடாமல் பெய்த மழையில் மலை இறங்கி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்தை மூடியது. காய்ச்சலோடு படுத்திருந்த சித்தி உட்பட, உள்ளே இருந்த பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. சித்தப்பா அப்போது தேயிலைப் பெக்டரியில் இருந்தார்.

நீதிமன்ற அனுமதியோடு பல் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க என் எச்சிலே போதும். தாய்வழியாக மட்டுமே இறங்கும் மரபணு ஒன்று உண்டு. சித்தியிடம் இருந்தது அம்மா வழியாக என்னிடமும் இருக்கிறது. என்னோடு வேலை செய்பவர் திரும்பத் திரும்பச் சோதித்தார். பல்லில் படிக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. வறண்ட மணல் ஆயிரமாயிரம் வருடம் காத்து வைத்ததை எங்கள் மலையின் ஈரமும் அமில மண்ணும் அதற்குள் தின்று முடித்திருந்தன.

ஊருக்குப் போய் நேரில் சொன்னேன்.

"அப்ப இது அவ இல்லையா?"

"தெரியல சித்தப்பா. சித்தியாவும் இருக்கலாம்."

நான் கொண்டுவந்திருந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "யாரா இருந்தா என்னம்மா, நம்ம லயத்து ஆளுதானே. நாமளே அடக்கம் பண்ணிருவோம்."

சரிவுக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குழி வெட்டினார்கள். பூசாரி இறந்தவரின் பெயரைக் கேட்டார். சித்தப்பா, அன்று மண்ணுக்குள் போய்த் திரும்பக் கிடைக்காத ஒவ்வொருவர் பெயராகச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு வீட்டார் விம்மினார்கள். கடைசியில் சித்தியின் பெயருக்கு வந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

நான் சொன்னேன்.